அபராதம் பூக்கூடைக்கு மட்டுமா?

சந்தைத் தெருவில் பூ விற்கும் அம்மாளிடம் நாலு பிளாஸ்டிக் பை அகப்படுகிறது. உடனே அபராதம்! அன்றைய வரும்படி போயிற்று.

தடையே வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லை, தோழர்களே, வேண்டும்! ஒருமுறை உபயோகித்து எறியும் பை, தட்டு, குவளை உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2022 ஜூலை 1 முதல் இத்தகைய பல பொருள்களுக்கு நாடெங்கும் தடை. சாக்கடை அடைத்தால் மழைநீர் புகுவது பங்களாவுக்குள் அல்ல, நம் குடிசைக்குள். பையைத் தின்று வயிறு ஊதிச் சாவது கூலிக்காரனின் ஒற்றைப் பசு. ஆகவே சட்டத்தை மதிப்பது நமக்கே நல்லது.

ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்தப் பை பூக்கூடையிலா முளைத்தது? எங்கோ ஓர் ஆலையில் இயந்திரம் ஊதித் தள்ளியது; லாரி சுமந்தது; மொத்த வியாபாரி லாபம் பார்த்தான். அங்கே சோதனை எத்தனை? ஷாம்பூப் பொட்டலமும் நொறுக்குத் தீனி உறையும் 2022ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலில் சேரவே இல்லை. இத்தகைய உறைகளைத் திரும்பச் சேகரிப்பது கம்பெனிகளின் பொறுப்பு என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிகள். நம் தெருவில் பொறுக்குவது யார்? கம்பெனிக்காரரா? வெறுங்கையோடு நிற்கும் துப்புரவுத் தொழிலாளி!

சோதனை ஆலை வாசலில் தொடங்கட்டும். சிறு வியாபாரிகளுக்கு மாற்றுப் பை மலிவாகக் கிடைக்க சர்க்கார் வழி செய்யட்டும். நாமும் கடைக்குப் போகையில் மஞ்சள் பையை மறவாதிருப்போம். உழைப்பாளி நூற்று நெய்த துணி அது. தூக்கிச் செல்ல வெட்கம் எதற்கு?