முகமூடியும் மெய்ப்பாடும்

மேடையேறும் கூத்தன் கோலம் புனைகின்றான். அவன் தலையிலுள்ள முடி அவனுடையதன்று என்பதை அவையோர் அறிவர். அவர்கள் அறிவர் என்பதை அவனும் அறிவான். கூத்து முடிந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் முகத்தோடு வீடு திரும்புகின்றான். இதில் ஏமாற்றில்லை. கழற்றக் கருதாத முகமூடியே ஏமாற்று!

தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனும் எட்டனையும் மெய்ப்பாடு என்றது. உள்ளத்தில் எழுந்தது உடம்பில் புலப்படுதலே மெய்ப்பாடு. உள்ளே ஒன்றுமில்லாதவனிடம் வெளியே புலப்படுவதற்கும் ஒன்றுமில்லை. நடிப்புக்கு மட்டுமன்று, எழுத்துக்கும் இதுவே அளவுகோல்.

எழுத்தாளனுக்குப் பெயரே முகமூடியாகலாம், முகமும் ஆகலாம். 'நாடகவியல்' இயற்றிய வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் (1870-1903) தம் 'தனிப்பாசுரத் தொகை'யைப் பரிதிமாற் கலைஞர் எனும் பெயரில் வெளியிட்டார். ஒரு நூலுக்காகப் பூண்ட அப்பெயரே இன்று அவர் முகமாய் நிலைத்துவிட்டது. தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவ உழைத்த உள்ளம் அப்பெயருக்குப் பின்னே இருந்ததன்றோ!

வேதாசலம் மறைமலையானபோது பெயர் மாற்றத்தோடு நின்றாரல்லர். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. தாம் முன்னர் எழுதிய நூல்களையும் தூய தமிழில் திருத்தினார். பெயர் முன்னே செல்ல, வாழ்வு பின்தொடர்ந்தது.

இனி, இற்றை நிலையைக் காண்க. 2006ஆம் ஆண்டில் தமிழ்ப்பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. விலக்குக் கிடைத்தவுடன் தலைப்புகள் தமிழாயின. உரையாடல் மாறிற்றா? முகப்பில் தமிழ், உள்ளே கலவை! காசுக்குப் பூண்ட முகமூடிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கேட்டால், "கதைமாந்தர் இயல்பாகப் பேசவேண்டாவா?" என்பர். நகரத்து அலுவலகத்தான் கலந்து பேசுகின்றான். அவனை அவ்வாறு காட்டுவது இயல்பெனவே கொள்க. வரப்பும் வாய்க்காலும் மடையும் மதகும் அறிந்த உழவன் வாயிலும், வலையும் துடுப்பும் வாடையும் கொண்டலும் அறிந்த மீனவன் வாயிலும் ஆங்கிலத்தைத் திணிப்பது எவ்வகை இயல்பு? அங்கே பேசுவோன் உழவனல்லன். உழவனின் மொழியறியாத எழுத்தாளன். மாந்தரின் முகத்தைக் கண்டு எழுதவேண்டியவன், தன் முகத்தையே அவர்க்கு மூடியாய் மாட்டுகின்றான். தன் வறுமையை நாட்டின் வறுமையெனக் காட்டுகின்றான்.

தமிழ்ப்பெயர் பூண்டு, பிறமொழிக் கலவையில் எழுதி, மேடையில் மட்டும் தூய தமிழ் முழங்குவோரும் இவ்வினத்தவரே. இவர்களினும் கூத்தன் மேலானவன். அவன் நடிக்கின்றேன் என்று சொல்லியே நடிக்கின்றான்.

பெயரைத் தமிழாக்கியோர் பேச்சையும் தமிழாக்குக! மேடையில் முழங்கியதை வீட்டிலும் வழங்குக! அன்றே பூண்ட பெயர் முகமாகும். அதுவரை அது முகமூடியே.