ஆலைகள் தமிழிற் கணக்குக் காட்டுக!

ஆம்பூரிலே தைத்த காலணி செருமனியின் தெருக்களில் நடக்கின்றது. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விசாரத்திலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல், ஐரோப்பியக் கடைகளில் கைப்பையாகவும் இடைவாராகவும் மேலாடையாகவும் விலை போகின்றது. அத்தோலை வாங்கும் அயல்நாட்டு வணிகன் ஆலை முதலாளியிடம் ஆயிரம் கேள்வி கேட்கின்றான். ஒரு கிலோ தோலுக்கு எத்தனை இலிட்டர் நீர்? எந்தெந்த வேதிப்பொருள்? கழிவு எங்கே போகின்றது? தொழிலாளிக்குக் கையுறை உண்டா? அவன் கேட்ட அத்தனைக்கும் அழகிய ஆங்கிலத்தில், வழவழத்த தாளில், பட்டியலோடும் படத்தோடும் விடை பறக்கின்றது. அதே கேள்வியை ஆலையின் மதிலுக்கு அப்பால் கிணறு வைத்திருக்கும் உழவன் கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே. ‘முதலாளி ஊரில் இல்லை’ என்று வாயிற்காவலன் சொல்லி அனுப்புகின்றான்.

ஒரு நிறுவனம் தன் பொருளை விற்பதோடு நின்றுவிடலாமா, அல்லது தன் செயலைப் பற்றித் தானே பொதுமக்களுக்கு எழுதவும் வேண்டுமா என்னும் வினா இற்றை வணிக உலகில் அடிக்கடி எழுப்பப் பெறுகின்றது. ‘பொருளே பேசும், நாம் ஏன் பேச வேண்டும்?’ என்பார் ஒருசாரார். ‘எழுதத்தான் வேண்டும், ஆனால் அதற்கென்று கூலிக்கு ஆள் வைத்து இனிக்க இனிக்க எழுத வேண்டும்’ என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பொருள் பேசுவது வாங்குபவனோடு மட்டுமே. ஆலை இருக்கும் மண்ணோடு அது பேசுவதில்லை. அந்த மண்ணோடு கழிவு மட்டுமே பேசிக் கொண்டிருக்கின்றது. ஆகவே ஆலைகள் எழுதத்தான் வேண்டும். அவற்றைத் தமிழில் எழுத வேண்டும். இனிக்க எழுதாமல், உள்ளதை உள்ளவாறு எழுத வேண்டும்.

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியிலே தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழகம் புகுந்து, வயலூர் அருகே கடலிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. ஆயினும் அம்மணலுக்கு அடியில் ஓடிய ஊற்றுநீரே அவ்வட்டாரத்தின் செல்வமாக இருந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்ட காலம் ஒன்றிருந்தது. 1970-களில், அரைப்பதமான தோலை அனுப்புவதைக் குறைத்து முழுப்பதமான தோலையும் தோற்பொருளையும் அனுப்புமாறு நடுவணரசு ஊக்கிய பின்னர், ஆலைகள் பெருகின. குரோமிய உப்பும் பிற வேதிப்பொருள்களும் பெருகின. வாரக் கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. ஆனால் கிணற்று நீர் உப்பாகவும் நிறமாகவும் மாறியது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நயன்மன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 28.8.1996 அன்று நயனர் குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 இலிட்டர் நீர் செலவாவதும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதும் அத்தீர்ப்பிலே பதிவாகியுள்ளன. தோலாலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முற்றாகவோ வேளாண்மைக்குத் தகுதியற்றுப் போனதெனத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நடுவம் கண்டதையும் அதே தீர்ப்பு எடுத்துக் காட்டுகின்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல், வேலூர் மாவட்டத்தின் 547 ஆலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி உருபா இழப்பீடு தர வேண்டுமெனக் கணக்கிட்டது. 30.1.2025 அன்றும் உச்ச நயன்மன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. இழப்பீட்டைக் கொடுத்து முடிக்குமாறும், அதனைக் கெடுத்தவரிடமிருந்தே மீட்குமாறும் அது மாநில அரசுக்கு ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது அகவை கடந்திருந்தது.

இவ்வெண்கள் அத்தனையும் எங்கிருந்து வந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் சொல்லிற்று, ஆணையம் சொல்லிற்று, நயன்மன்றம் சொல்லிற்று. கெடுத்த கை எதுவோ அது ஒரு வரியும் ஊருக்கு எழுதித் தரவில்லை. எண்ணப்பட்ட உழவர் 29,193 பேருக்கும் தத்தம் நிலத்தைப் பற்றிய செய்தி அயன்மொழியிலேயே வந்து சேர்ந்தது.

அயல்நாட்டான் கேட்டபோது இவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதும் நினைவிருக்கத் தக்கது. 1990-ஐ ஒட்டிச் செருமனி நாடு, தோலைப் பூஞ்சையினின்று காக்கப் பயன்பட்ட பெண்டாகுளோரோபீனால் என்னும் நஞ்சைத் தடை செய்தது. ஏற்றுமதி நின்றுபோகும் என்றதும் நம் ஆலைகள் மாற்று தேடி ஓடின. சென்னையில் 1948 முதல் இயங்கும் நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது; நஞ்சு கைவிடப்பட்டது. 1994-இல் சில அசோச் சாயங்களை அந்நாடு தடுத்தது, சாயமும் மாறியது. 1.5.2015 முதல் ஐரோப்பிய ஒன்றியம், தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்றது. அதற்கும் ஆய்வுச் சான்று அணியமாயிற்று. 2005-இல் உருவான தோல் தணிக்கை அமைப்பொன்று ஆலைகளை ஆய்ந்து பொன், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் வழங்கி வந்துள்ளது; அப்பட்டத்துக்காக நீர்க்கணக்கும் மின்கணக்கும் கழிவுக்கணக்கும் எழுதி வைக்கப் பெறுகின்றன. ஆகக் கணக்கு இருக்கின்றது. எழுதத் தெரிந்தவரும் இருக்கின்றனர். ஆம்பர்க்கு நகரத்தானுக்குச் சொல்ல முடிந்ததை ஆம்பூரானுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை என்பதே குறை. காசு கொடுப்பவனுக்குக் கணக்கு, காற்றும் நீரும் கொடுப்பவனுக்குக் கைவிரிப்பு!

‘இது புதுக் கோரிக்கை, சட்டத்தில் இடமில்லை’ என்று எவரும் தப்ப முடியாது. கேடுதரும் கழிவுகள் பற்றிய வழக்கில் உச்ச நயன்மன்றம் 14.10.2003 அன்றே ஆணையிட்டிருக்கின்றது. ஆலையில் கையாளப்பெறும் கேடுதரும் வேதிப்பொருளின் அளவும் தன்மையும், நீரிலும் காற்றிலும் விடும் கழிவும், வளாகத்திற் சேரும் திண்மக் கழிவும் ஆலையின் முதன்மை வாயிலுக்கு வெளியே எழுதிக் காட்டப்பெற வேண்டும் என்பது அவ்வாணை. அவ்வாணைப்படி எழுந்த பலகைகளைச் சென்று பார்த்தவர்க்கு உண்மை விளங்கும். வெயிலில் வெளுத்த பலகை. என்றோ எழுதிய எண். அலகுகளின் ஆங்கிலச் சுருக்கெழுத்து. ஊர்ப்பெயர் மட்டும் தமிழில் இருந்தால் அதுவே பெரிது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான வரைவறிக்கையை 2020-இல் நடுவணரசே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டதே! தில்லி உயர் நயன்மன்றம் 30.6.2020 அன்று தலையிட்டு, தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்க்கச் சொன்னது. அதற்கும் உடன்படாமல் நடுவணரசு உச்ச நயன்மன்றத்துக்குப் போயிற்று. அரசே இப்படியென்றால் ஆலையைச் சொல்லிப் பயனென்ன என்று சிலர் சோர்வர். ஆலையோ ஊரின் நடுவே இருக்கின்றது. தில்லியைப் போல எட்டாத் தொலைவில் இல்லை.

முதலாளியரின் உண்மையான அச்சம் வேறு. எழுதிக் கொடுத்தால் அதுவே நாளை வழக்கிற் சான்றாகுமே என்பது அது. மறைவாகப் பேசினால் அவர்களே இதனை ஒப்புவர். இவ்வச்சத்தை நகைத்துத் தள்ளலாகாது; விடை சொல்ல வேண்டும். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பே அதற்கு விடை தந்துவிட்டது. தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் செய்பவனையே சாரும் என்று அது தெளிவாக்கியது. எனவே வாய்மூடி இருப்பவனுக்கு அந்த வாய்மூடலால் காப்பு ஏதும் இல்லை. ஒவ்வொரு திங்களும் உண்மைக் கணக்கை வெளியிட்டு வந்த ஆலைக்கு மன்றத்திற் காட்ட ஒரு சான்றேனும் இருக்கும். மற்றவனுக்கு அதுவும் இராது.

எதை எழுதுவது என்பதற்கு உப்பே நல்ல எடுத்துக்காட்டு. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிட்டே வருகின்றது. முதல் ஊறலிலேயே அவ்வுப்பு நீரில் இறங்கிவிடுகின்றது. பொதுத் தூய்மிப்பு நிலையங்களில் சவ்வு வழியே நீரை வடித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தபின், ‘ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறுவதில்லை’ என்று பெருமை பேசுகின்றனர். ஒழுங்காக இயங்கும் இடத்தில் அது பாராட்டுக்குரியதே; மறுப்பதற்கில்லை. ஆனால் நீரை வடித்த பின் எஞ்சும் கலப்பு உப்பு என்னவாயிற்று? அது நிலையங்களின் கொட்டகைகளிலே குவிந்து கிடக்கின்றதே! ஒருவரும் வாங்காத அவ்வுப்பைப் பற்றியும் எழுதுவதே நேர்மையான எழுத்து. இத்தனை டன் சேர்ந்திருக்கின்றது, இன்ன கொட்டகையில் இருக்கின்றது, மழை புகாமல் இன்னது செய்திருக்கின்றோம், வழி இன்னும் கிடைக்கவில்லை எனச் சொல்லலாம். மழை வெள்ளத்தின்போது ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றில் நுரை பொங்கிய காட்சியை ஊரே பார்த்தது. அன்று, ‘எங்கள் ஆலையன்று’ என்றோ ‘எங்கள் ஆலைதான், இன்ன குழாய் உடைந்தது’ என்றோ மறுநாளே தமிழில் ஒரு தாள் ஒட்டிய நிறுவனத்தை மக்கள் நம்பியிருப்பர். பாராட்டு வரும் நாளில் மட்டும் எழுதுபவனை எவரும் நம்பார்.

அவ்வாறு எழுதுபவர் யார்? விளம்பர நிறுவனத்தான் அல்லன். குழியருகே நிற்கும் மேற்பார்வையாளரும் தூய்மிப்பு நிலையப் பொறியாளருமே எழுத வேண்டும். கீழே அவர்தம் பெயரும் இருக்க வேண்டும். எதிர்த்து வரும் மடலையும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். தமிழ் வராது என்று எவரும் சொல்ல வேண்டா. திருப்பத்தூர்ப் பள்ளியிலே மு.வ. தமிழாசிரியராக இருந்த மண் இது. சிறுசிறு தொடர்களால் பெருஞ்செய்தியை எவரும் எழுதலாம் என்பதற்கு அவர் எழுத்தே போதும். கவிக்கோ அப்துல் இரகுமான் பல்லாண்டுகள் தமிழ் பயிற்றியது வாணியம்பாடிக் கல்லூரியிலேதான். அக்கல்லூரி இருக்கும் ஊரிலே தமிழ் எழுத ஆளில்லையா?

மொழி பற்றிச் சொல்லும்போது ஒரு கசப்பான நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. 31.1.2015 விடியலுக்கு முன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுத் தூய்மிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அடுத்த ஆலையிலே உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாங்கள் தலைவைத்துப் படுத்த சுவருக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்பதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் எவரேனும் சொல்லியிருந்தனரா? தன் தாய்மொழியில் அறியும் உரிமை தமிழனுக்கு உண்டென்பவர், அவ்வுரிமை அந்த வங்காளியர்க்கும் உண்டென்பதை மறுக்க இயலாது. ஊருக்குத் தமிழிற் பலகை. உள்ளே வேலை செய்பவர்க்கு அவரவர் மொழியிலும் எச்சரிக்கை. இதிலே தமிழுக்கு இழுக்கில்லை.

அதே இராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட்டு ஆலையொன்று இலக்கம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைக் குவித்துவிட்டுப் போயிற்று. அந்த ஆலை இன்றில்லை. அதனிடம் கேட்டுப் பெற வழியுமில்லை. இயங்கும் ஆலைகளிடம் இப்போதே கேட்க வேண்டுவதற்கு அக்குவியல் ஒன்றே போதும்.

தமிழன்பர்கள் தம் பங்குக் குறையையும் ஒப்ப வேண்டும். பெயர்ப்பலகையிலே தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, பிறமொழிக்கு இரண்டு பங்கு என்னும் ஆணைக்காகக் கடை கடையாய் ஏறி இறங்கியவர்கள், ஆலை வாயிற் பலகையை ஏறிட்டும் பார்த்ததில்லை. ‘பேக்கரி’யை ‘அடுமனை’யாக்கியதில் மகிழ்ந்தோர், கழிவுநீர்ச் சான்றிலுள்ள சொற்களைத் தமிழாக்க முனைந்ததில்லை. நீரில் கரைந்த மொத்த உப்பு, உயிர்வளித் தேவை, கசடு, குரோமிய அளவு என்று நான்கைந்து சொற்கள் போதும்; உழவனுக்கு வேண்டிய செய்தி முழுதும் அவற்றுள் அடங்கிவிடும்.

வரும் பொங்கலுக்குள் பாலாற்றங்கரையில் ஓர் ஆலையாவது முன்வரட்டும். சென்ற திங்கள் எடுத்த நீர், பதனிட்ட தோல், பயன்படுத்திய உப்பு, சேர்ந்த கசடு, அது போன இடம், கையெழுத்திட்டவர் பெயர் ஆகிய ஆறு வரியைத் தமிழில் எழுதி வாயிலில் மாட்டட்டும். சொல் தட்டுப்பட்டால் அவ்வட்டாரத் தமிழாசிரியர்கள் கூலியின்றி எழுதித் தருவர்.