புரட்டிய கல்லைத் திருப்பி வையுங்கள்

சென்ற மழைக்காலத்தில் குன்னூருக்கு மேலே ஒரு சோலையோரம் நடந்து போனேன். முதுகில் பெரிய பைகளோடு நான்கு இளைஞர்கள். பாம்பும் தவளையும் தேடி வந்தார்களாம். சந்தோஷம். எங்கள் காலத்தில் பாம்பு என்றால் தடியைத்தான் தேடுவோம். ஆனால் அவர்கள் போன வழியெல்லாம் கற்கள் மல்லாந்து கிடந்தன.

"படம்தானே எடுக்கிறோம் அங்கிள்" என்றான் ஒருவன்.

தம்பி, அது வெறும் கல் இல்லை, கூரை. அடியில் ஈரம் இருப்பதால்தான் கேடயவால் பாம்பு அங்கே ஒதுங்குகிறது. விஷமில்லாத சாது, மண்புழு தின்று பிழைப்பது. அதன் குடும்பம் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நம் புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமெல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வருவது குட்டித் தவளை. சருகடியில் இருக்கும் அந்த முட்டை காய்ந்தால் போச்சு. தவளை தோலாலும் சுவாசிக்கிறது. கொசு மருந்து தடவிய கையால் அதைப் பிடிக்கலாமா?

பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லை மெதுவாகத் தூக்குங்கள், பாருங்கள், இருந்தபடியே வையுங்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? தோட்டம் கொத்தும்போது அதே சாதுவை மண்வெட்டியால் வெட்டுகிறோமே! முதலில் அந்தக் கையை நிறுத்துவோம்.