சிம்லா மாநாட்டை மாணவர்கள் நடத்தட்டும்

தம் நிர்வாகக் குழுவை இந்தியத் தலைவர்களைக் கொண்டு அமைக்க வைஸ்ராய் வேவல் 1945 ஜூன் 25 அன்று சிம்லாவில் கூட்டிய மாநாடு மூன்று வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. முயற்சி தோற்றுவிட்டது என்று ஜூலை 14 அன்று அவரே அறிவித்தார். இந்திய மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றிலோ அதே மாநாடு வகுப்பறையில் பாத்திரமேற்கும் விளையாட்டாக வாரக்கணக்கில் நடக்கிறது. ஒருவர் ஜின்னா, ஒருவர் நேரு, வேறு சிலர் சீக்கியர்களுக்காகவும் சமஸ்தான மன்னர்களுக்காகவும் வாதாடுகிறார்கள். முடிவை யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. நாடு பிரியலாம், பிரியாமலும் போகலாம்.

இந்த முறையைத் தொடங்கியவர் நியூயார்க்கில் உள்ள பர்னார்டு கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ். 1990களில், செவ்வியல் நூல்களைப் பற்றிய வகுப்பில் மாணவர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததே அவரை மாற்றுவழி தேட வைத்தது. சிம்லா விளையாட்டை அவரும் இந்திய வரலாற்று அறிஞர் ஐன்ஸ்லி எம்ப்ரீயும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரம் அடைய வேண்டிய இலக்குகள், படிப்பதற்கு மூல ஆவணங்கள். கூட்டத்தை நடத்துபவர்கள் மாணவர்களே. ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்கிறார்.

படித்துவிட்டு வாருங்கள் என்று அங்கே யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. படிக்காமல் வருபவரை எதிர்த்தரப்பு மடக்கிவிடும்.

முஸ்லிம் லீக் பிடிவாதம் பிடித்தது, பேச்சு முறிந்தது என்ற ஒரு வரி, விரிவுரை கேட்பவருக்குப் போதும். காங்கிரஸ் தலைவர் அபுல் கலாம் ஆசாத்தின் இடத்தில் அமர்பவருக்கு அது போதாது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெறும் முஸ்லிம்கள் அனைவரையும் முஸ்லிம் லீக்தான் நியமிக்க வேண்டும் என்றார் ஜின்னா. ஏற்றுக்கொண்டால், காங்கிரஸ் இந்துக்களின் கட்சி என்று ஒரு முஸ்லிம் தலைவரே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். மறுத்தால், கைக்கு எட்டிய அதிகாரம் வாய்க்கு எட்டாமல் போகும். ஜின்னாவாக அமர்பவருக்கும் நெருக்கடிதான். பஞ்சாபில் ஆட்சியில் இருந்த யூனியனிஸ்ட் கட்சியின் முஸ்லிம் ஒருவருக்கு இடம் விட்டுக்கொடுத்தால்கூட, முஸ்லிம்களின் ஒரே பிரதிநிதி லீக்தான் என்ற கோரிக்கை சரிந்துவிடும். அவரவருக்கு அவரவர் நியாயம் இருந்தும் ஒரு பேச்சுவார்த்தை ஏன் முறிகிறது என்பதை, அங்கே உட்கார்ந்து திணறும்போதுதான் மாணவர் உணர்கிறார். அரசியல் படிப்பில் கற்க வேண்டிய முதல் பாடம் அது. விரிவுரை அதைத் தகவலாகத்தான் தர முடியும்.

சிம்லாவில் சென்னை மாகாணத்தவரும் இருந்தார்கள். அந்த மாகாணத்தின் முன்னாள் முதன்மை அமைச்சர் என்ற முறையில் ராஜாஜி அழைக்கப்பட்டார். பட்டியல் சாதியினரின் பிரதிநிதியாகச் சென்றவர் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ். சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் என்ற வேவலின் கணக்கில் தம் மக்களுக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்க வேண்டிய பொறுப்பு அவருடையது. தமிழ்நாட்டு வகுப்பறையில் அந்தக் கேள்வி எழுந்தால் எவ்வளவு பேச வேண்டியிருக்கும்!

ஆபத்துகளும் உண்டு. பிறந்த சாதியையோ மதத்தையோ பார்த்துப் பாத்திரம் கொடுத்தால் வகுப்பறை புண்படுத்தும் இடமாகிவிடும். பல லட்சம் உயிர்களைப் பறித்த பிரிவினை வெறும் வெற்றி தோல்வியாகச் சுருங்கிவிடக் கூடாது. ஆகவே விளையாட்டு முடிந்ததும் பாத்திரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, நடந்த வரலாற்றையும் தாங்கள் நடத்தியதையும் ஒப்பிட்டுப் பேசும் வகுப்புகள் கட்டாயம் வேண்டும். தேர்வு மதிப்பெண்களை வைத்து இத்தகைய விளையாட்டுகளை அளந்த ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால், எதிர்த்தரப்பின் நியாயத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்த்த அனுபவத்தை எந்த வினாத்தாள் அளக்கிறது?

இந்தியாவுக்கு இது முற்றிலும் புதிதல்ல. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கிய இளைஞர் நாடாளுமன்றப் போட்டி, பிறகு பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. அவை நடைமுறையைக் கற்க அது நல்ல பயிற்சி. ஆனால் கேள்வியும் பதிலும் ஒத்திகை பார்த்தே அரங்கேறுகின்றன. ஒத்திகையில் பேரம் இல்லை, தோல்வியும் இல்லை.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அரசியல் அறிவியல் துறைகள் ஒரு செமஸ்டரில் நான்கு வாரங்களை இதற்கு ஒதுக்க வேண்டும். கணினி வேண்டாம், தனி அரங்கமும் வேண்டாம். வேவல் திட்டமும் தலைவர்களின் கடிதங்களும் எளிய தமிழில் கைக்குக் கிடைத்தால் போதும். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்து, வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.