வால்வு செட்டின் வயிற்றைக் கிழிக்காதீர்கள்

போன மாதம் பேத்தி என்னை ஒயிட் டவுனில் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அலமாரியில் சாம்பல் நிறத் தகரப் பெட்டி ஒன்று. முகப்பில் வெள்ளைப் பெயின்டில் கையால் எழுதிய இரண்டு பிரெஞ்சுச் சொற்கள்: ஆந்தென், தேர். ஏரியலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பரின் எழுத்து அது. அவர் போய் நாலு வருஷமாகிறது. 1970-களில் தன் கையால் கட்டிய ஹாம் டிரான்ஸ்மிட்டர்.

“உள்ளே இருந்த பழைய சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டோம் சார். இப்ப புளூடூத் ஸ்பீக்கர் வெச்சிருக்கோம்” என்றான் கடைப் பையன், பெருமையாக.

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. காயலான் கடையில் கிடைத்ததை வாங்கியிருக்கிறான். என் கோபமெல்லாம் நம் வயசுக்காரர்கள் மேல்தான். “அந்தக் காலத்து செட்டுக்கு ஈடே கிடையாது” என்று திண்ணையில் பேசுவோம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போடுவோம். கொஞ்சம் பணமுள்ளவர் என்றால் குடலை உருவிவிட்டுக் கூட்டை மட்டும் ஹாலில் வைப்பார். அதற்கு ரசனை என்று பேர்!

பழைய செட்டின் கவர்ச்சி பெட்டியில் இல்லை ஐயா. அந்த டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்தில் ஒரு 807 வால்வு இருந்தது. மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கினோம். காயிலை நண்பரே சுற்றினார், நான் சுற்றை எண்ணினேன். அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டதில் என் கட்டைவிரல் தழும்பு இன்னும் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் இழை மெல்லச் சிவக்கும், சூடான தூசி வாசனை வரும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கெட்டுப்போனால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கலாம். 500 வோல்ட்டுக்கு மேல் ஓடுவதால் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொட வேண்டும். பாடம் அப்படித்தான் ஏறியது. நிமிஷத்துக்கு 5 வார்த்தை மோர்ஸ் தட்டி நாங்கள் லைசென்ஸ் வாங்கினோம்.

செல்போன் இருக்கும்போது ஹாம் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் டெலிபோன் செத்தபோது, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும்தான் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர்களிடம் இருந்தது புது செட்தானே என்பீர்கள். வாஸ்தவம். புது செட் எடை குறைவு, அலைவரிசை நகராது. நம் கிழவனோ சூடேறும் வரை அரை மணி நேரம் ஊர்ந்துகொண்டே இருப்பான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் புது செட்டைத் திறந்தால் எள்ளுப் பிரமாணத்தில் பாகங்கள். ஒரு பையனுக்கு ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று அதில் காட்ட முடியுமா? பழைய செட் ஒரு பள்ளிக்கூடம். வாத்தியார் ரிட்டயராகிவிட்டார் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை இடிப்பீர்களா?

உங்கள் பரணில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பல வருஷம் தூங்கிய கண்டென்ஸர் வெடிக்கும். தெரிந்தவரிடம் காட்டி, 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு எழுப்பச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பாலிடெக்னிக்கில் படிக்கிற பிள்ளை எவனுக்காவது முழுசாகக் கொடுங்கள். அப்படிப் பிள்ளை கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆட்டோ செலவு என்னுடையது.