போய்விட்டு வா என்ற சோழன்

கோடை விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்த அக்கா மகன், சித்திரை வீதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் நீலக் கவசம் பூண்ட ஒரு பெண் வானத்தில் நின்று கண்களை மூடினாள்.

“என்னடா செய்யறா?” என்று கேட்டேன்.

“காது குடுத்துக் கேக்கறா மாமா. கீழே யார் சாகப் போறாங்கன்னு அவளுக்குக் கேக்கும். அங்க போய் அவங்களைக் கூட்டிட்டு வரணும்.”

விளையாட்டின் பெயர் ‘வால்கைரி ப்ரொஃபைல்’. 1999இல் ஜப்பானில் ட்ரை-ஏஸ் நிறுவனம் உருவாக்க, எனிக்ஸ் வெளியிட்டது. 2018இல் கைபேசிக்கும் வந்துவிட்டது. லெனத் என்னும் அந்தத் தேவமங்கை, இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் மனக்குரலைக் கேட்டுக் கீழே இறங்குகிறாள். அவர்கள் யார், எதற்காக உயிரை விட்டார்கள் என்ற கதையை நாம் கூடவே பார்க்கிறோம். பிறகு அந்த உயிரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பழக்குகிறாள். ஒவ்வொருவருக்கும் வீரத்தை அளக்கும் ஓர் எண் உண்டு. கெட்ட குணங்கள் எண்ணைக் குறைக்கும், நல்ல குணங்கள் ஏற்றும். தேறியவர்களை மேலுலகப் போருக்கு அனுப்பிவிட வேண்டும்.

“கஷ்டமே அதுதான் மாமா. கதை தெரிஞ்சப்புறம் அனுப்ப மனசே வரலை” என்றான் பையன்.

அந்தச் சொல் ஒரு வாரமாக என்னோடு இருக்கிறது.

வால்கைரி என்பது வடபுல நார்ஸ் மொழிச் சொல். விழுந்தவர்களைத் தேர்பவள் என்று பொருள். போர்க்களத்தில் மாண்டவர்களில் ஒரு பாதி ஃப்ரேயா என்னும் தெய்வத்துக்கு, மறு பாதி தேவர்களின் தலைவன் ஓடினுக்கு. ஓடினின் வல்ஹல்லா மண்டபத்துக்கு 540 வாசல்கள், கடைசிப் போர் வரும் நாளில் வாசலுக்கு 800 வீரர்கள் புறப்படுவார்கள் என்று அவர்களுடைய பழம்பாடல் கணக்குச் சொல்கிறது. அதற்காகத்தான் இத்தனை தேர்வும். நோயில் படுத்துச் செத்தவனுக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் ஓடினே சாகும் நேரத்தில் ஈட்டி முனையால் தன் உடலில் குறியிட்டுக்கொண்டான் என்றும் ஒரு கதை உண்டு.

புறநானூறு படித்தவருக்கு இது புதிதாக இராது. நோயால் இறந்த அரச குலத்தாரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கத்தை ஔவையார் பாடியிருக்கிறார். வாள் படாத உடம்புக்கு வீரர் உலகம் கிட்டாது என்று இங்கேயும் நம்பினார்கள். சுவீடனின் கோட்லாந்துத் தீவில் உள்ள பழைய சித்திரக் கற்களில், குதிரையில் வந்து சேரும் வீரனை ஒரு பெண் கொம்பில் மது ஏந்தி வரவேற்கிறாள். கன்னட நாட்டு வீரக்கற்களில் தேவமகளிர் இருபுறமும் நின்று வீரனை மேலே அழைத்துப் போகிறார்கள். நம் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்தார்கள். ஒன்றையொன்று அறியாத ஊர்கள், மரணத்தின் வாசலில் ஒரே கலத்தை நீட்டியிருக்கின்றன.

ஆனால் தமிழ் நாட்டில் விழுந்தவனைத் தேர்ந்தது தேவமகள் அல்ல, ஊர். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் ஒரு நடுகல் எழுந்தது. கால்நடையைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் இருக்கிறது. அடுத்த போருக்கு ஆள் சேர்க்க நினைத்தவர்கள் நாயின் பெயரைக் கல்லில் வெட்டமாட்டார்கள். நன்றி மறக்காதவர்கள்தான் வெட்டுவார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். புறத்திணையில் தொடாக்காஞ்சி என்று ஒரு துறை இருக்கிறது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காக்கிறாள். வீட்டில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, யாழ் மீட்டி, நறும்புகை எழுப்பி, வாருங்கள் இந்தப் புண்ணைக் காப்போம் என்று தோழியை அழைக்கும் ஒருத்தியை அரிசில் கிழார் பாடியிருக்கிறார். வால்கைரி உயிரைக் கொண்டுபோக வருகிறாள். இவள் கொண்டுபோக விடமாட்டேன் என்று விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். என் கண்ணுக்கு இவள்தான் தெய்வம்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் உறையூர். இன்று வெக்காளியம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போகிறோம். சங்க காலத்தில் அது கோப்பெருஞ்சோழனின் ஊர். பெற்ற பிள்ளைகளே எதிர்த்துப் படை திரட்டியபோது போருக்கு எழுந்தவன், புல்லாற்றூர் எயிற்றியனார் அறிவுரை சொன்னதும் நின்றான். பிறகு வடக்கிருந்து, உண்ணாமல் உயிர்விட முடிவு செய்தான். ஆற்றிடைக்குறையில், புள்ளி புள்ளியாக விழும் மர நிழலில் அவன் இருந்த காட்சி ஒரு பாட்டில் வருகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் எங்களுக்கு அந்த நிழல் எப்படி விழும் என்று தெரியும்.

தன்னோடு சாக யார் யார் என்று அங்கே தேர்ந்தவன் அவனே. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரை அவன் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அவர் வருவார், இடம் வையுங்கள் என்றான். அவரும் வந்தார். எப்போதும் உடனிருந்த பொத்தியாரும் சாகத் தயாராக நின்றார். அவருடைய மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். சோழன் அவருக்கு இடம் தரவில்லை. மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

பொத்தியார் மகன் பிறந்தபின் வந்தார். அதற்குள் சோழன் நடுகல்லாகியிருந்தான். எனக்குரிய இடம் எது என்று அந்தக் கல்லைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி பாட்டாக நிற்கிறது. நண்பர் தம் சொல்லைக் காப்பாற்றினார் என்பது பெரிய செய்திதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பசியில் வற்றிக்கொண்டிருந்த அரசன் ஒரு கர்ப்பிணியை நினைத்துப் பார்த்தது. கதை தெரிந்தபின் அனுப்ப மனம் வரவில்லை என்று பையன் சொன்னானே, சோழனுக்குப் பொத்தியாரின் வீட்டுக் கதை தெரிந்திருந்தது.

அதே ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் 1323ஆம் ஆண்டை இன்னும் மறக்கவில்லை. உலூக் கான் தலைமையில் தில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்தில் மாண்டவர்கள் பன்னீராயிரம் பேர் என்று கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. வெள்ளாயி என்ற தேவரடியாள், படைத்தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேல் அழைத்துப் போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவள் நினைவாகத்தான் அது வெள்ளைக் கோபுரம் ஆனதாம்.

அந்த நாளிலும் ஒரு தேர்வு நடந்தது. முதுமை எய்திய பிள்ளை லோகாசாரியர் கோயில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார், வழியிலேயே பரமபதித்தார். சுதர்சன சூரி, தம் சுருதப்பிரகாசிகை ஏட்டையும் இரண்டு பிள்ளைகளையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் பிணங்களுக்கு நடுவே அவற்றைக் காத்துக் கிடந்து, பிறகு கன்னட நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. சாகப் போகிறவர், வாழ வேண்டியவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சாகும் துணிவு சுதர்சன சூரிக்கு இருந்தது. பிணக்குவியலுக்குள் உயிரோடு கிடக்கும் துணிவு தேசிகருக்கு வேண்டியிருந்தது. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

சக ஆண்டு 1293, அதாவது 1371 வாக்கில், நம்பெருமாள் திரும்பி எழுந்தருளினார். அழைத்து வந்த கோபணரின் பெயரைக் கல்வெட்டு பொறித்து வைத்திருக்கிறது. பன்னீராயிரம் பேரின் பெயர்ப்பட்டியல் எங்கேயும் இல்லை. எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்த கல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அந்த விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. ஓர் உயிரை எடுக்குமுன் அதன் கதையைக் கேள் என்று சொல்லிக்கொடுக்கிறது. அது நல்ல பாடம். அந்தப் பாடத்தின் அடுத்த பக்கம் உறையூரில் இருக்கிறது.

வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீரம் என்றால் சாகத் துணிவது என்றே திரையும் மேடையும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் பொத்தியார் கதையைச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கம் வந்தால் வெள்ளைக் கோபுரத்தின் கீழ் அவர்களோடு ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயர் தெரியாத பன்னீராயிரம் பேருக்கும், அவர்களுக்கு நடுவே உயிரோடு கிடந்தவருக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.