கண்மாய்க்குக் கொட்டிய காசு யாருக்குப் பாய்ந்தது?

என் அம்மா எங்கள் ஊர்க் கண்மாயைப் பத்தாண்டுகளுக்கு மேல் வெட்டினார். நூறு நாள் வேலையில்தான். அளந்துவிட்ட இடத்தில் மண்ணை வெட்டி, கூடையில் அள்ளி, கரையில் கொட்ட வேண்டும். கூட வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் காலனிப் பெண்கள். ஒரு ஐப்பசியில் கண்மாய் பெருகியபோது அம்மா சொன்னார்: "நாங்க வெட்டுன பள்ளந்தான்டா மொதல்ல நெறஞ்சுச்சு."

அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வண்டல் ஏற்றிய டிராக்டர் ஒன்றுகூட எங்கள் தெருப்பக்கம் திரும்பியதில்லை. மீன்பாசி ஏலம் மந்தையில் நடக்கும். மந்தையில் எங்கள் ஆட்கள் ஏலம் கேட்கும் வழக்கம் இல்லை. அம்மா வெட்டிய கண்மாயின் மீனை நாங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கித் தின்றோம்.

சூழலியல் பேசும் நண்பர்கள் "நீர்நிலைகளைக் காக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நிதி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிதி எந்த வழியாக வருகிறது, யார் கையில் சேருகிறது, எந்த மடை வழியாக யார் வயலுக்குப் பாய்கிறது என்று கேட்காமல் பேசும் சூழலியல் பாதிச் சூழலியல்தான்.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தைப் பலரும் வறுமை ஒழிப்புத் திட்டமாக மட்டுமே பார்த்தார்கள். ஆனால் ஒரு மாவட்டத்தில் நடக்கும் பணிகளில், செலவுக் கணக்கில் குறைந்தது 60 விழுக்காடு நிலம், நீர், மரம் ஆகியவற்றை மேம்படுத்தி வேளாண்மைக்கு உதவுவதாக இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதாவது, இந்தியக் கிராமங்களில் நிலத்தையும் நீரையும் காக்கச் செலவான பொதுப்பணத்தில் பெரும்பங்கு நூறு நாள் வேலைக்காரர்களின் உடல் வழியாகத்தான் போனது. அதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பண்ணையார் வயலை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலையை அந்தக் கூலி உடைத்தது. ஊர்க்காரர்கள் ஏன் இந்த வேலையை இவ்வளவு வெறுத்தார்கள் என்பதற்கும் அதுவே காரணம்.

அந்தக் கூலியிலும் சாதி நுழைந்தது. 2021இல் ஒன்றிய அரசு பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று பிரித்துத் தனித்தனியாகக் கூலி அனுப்பச் சொன்னது. ஒரே குழியில் நின்று வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் பணம் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகே அது கைவிடப்பட்டது.

அடுத்தது குடிமராமத்து. 2017இல் முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு இதை மீட்டெடுத்தது. பணியை ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் செய்யும், 10 விழுக்காடு அவர்கள் பங்களிப்பு என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்தானே அந்தச் சங்கத்தில் உறுப்பினர்? நிலம் இல்லாதவருக்கு அங்கே மண்வெட்டி உண்டு, வாக்கு இல்லை. அதே 2017இல் ஏரி, குளங்களின் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க விதி தளர்த்தப்பட்டது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். வீட்டுத் தேவைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் தனி அளவு உண்டு. ஆனால் பெரும்பங்கின் கணக்கு ஏக்கரில் தொடங்குகிறது. ஏக்கர் இல்லாதவருக்கு எத்தனை கன மீட்டர்?

"நிலத்தடி நீர் ஏறினால் எல்லாருக்கும்தானே நல்லது, இதிலும் சாதியை இழுக்கிறீர்களே" என்பார்கள். நிலத்தடி நீர் ஏறும், உண்மை. அது எவர் கிணற்றில் ஏறுகிறது? கிணறு வெட்ட நிலம் வேண்டும். இழுத்துவிட்டது நான் அல்ல. நிலவுடைமை ஏற்கனவே சாதியாகத்தான் பிரிந்து கிடக்கிறது. அதன்மேல் கொட்டும் பணம் அந்த வாய்க்காலிலேயே ஓடும்.

நம் முன்னோடிகள் இதைத் தெளிவாகப் பார்த்திருந்தார்கள். 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது. அதன் அடிப்படையில் மகாத் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாக 1924இல் முடிவெடுத்தது. காகிதத்தில் மட்டும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இங்கே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளங்களுக்கான உரிமையைத் தீர்மானமாக நிறைவேற்ற வைத்தார். பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு வந்தது. அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

பொதுப்பணம் எங்கே போகிறதோ அங்கே நமக்கு உரிமை உண்டு. அன்று அந்த உரிமைக்குக் குடிநீர் என்று பெயர். இன்று அதற்குள் வண்டலும் மீனும் மரமும் முடிவெடுக்கும் நாற்காலியும் அடங்கும். அந்த நாற்காலிக்கு என்ன விலை என்பதை மேலவளவு காட்டியது. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவரான முருகேசனும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் பதவி வெறும் கையெழுத்து அல்ல, பொதுச் சொத்தின்மீதான அதிகாரம். அது யாரிடம் போகக் கூடாது என்பதில் ஆதிக்க சாதிக்குக் குழப்பமே இருந்ததில்லை.

ஆகவே நான் கேட்பது நிதியை நிறுத்தச் சொல்லி அல்ல, நிபந்தனை வைக்கச் சொல்லி. அரசுப் பணத்தில் தூர்வாரும் எந்தக் கண்மாயின் சங்கத்திலும் நிலமற்றோருக்கு உறுப்புரிமையும் வாக்கும் வேண்டும். மீன்பாசிக் குத்தகையில் அந்தக் கண்மாயை வெட்டிய பெண்களின் குழுக்களுக்கு முதல் உரிமை வேண்டும். ஏலம் மந்தையில் அல்ல, ஊராட்சி அலுவலகத்தில், முன்னறிவிப்போடு நடக்க வேண்டும். வண்டலில் நிலமற்ற குடும்பங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும், அதை விற்கும் உரிமையோடு.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. மகாத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து. உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். கண்மாய்க்கு எவ்வளவு செலவானது, வண்டல் யாருக்குப் போனது, மீன் குத்தகை யாரிடம், எவ்வளவுக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

அம்மாவுக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது, வேலைக்குப் போவதில்லை. வருகிற மார்ச்சில் அவரை அழைத்துக்கொண்டு நான் போகிறேன். அவர் வெட்டிய குழிகளின் கணக்கு அவரிடம் இருக்கிறது. செலவுக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்துவிடுவோம்.